பாவம், சர்வரை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில், சர்வர் கோளாறால் பொதுமக்கள் அவதி என்று ஒரு செய்தி வந்திருந்தது. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுகிறேன். ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த மாதத்திலும் போடக்கூடிய செய்திதான் அது. அன்றைக்கு அந்த வரிசையில் நானும் நின்றேன். காலை பத்தேகாலுக்குப் போனவளை, பன்னிரண்டு மணிக்குக் கவுண்டரில் இருந்த தம்பி, "சர்வர் இல்லீங்க்கா, மத்தியானமா வாங்க" என்று திருப்பி அனுப்பினார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "சர்வர் இல்லேன்னா என்னப்பா, மாஸ்டர் இருக்காரில்ல? நேரா அவரையே எடுத்தாரச் சொல்லு" என்றார். வரிசையே சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது: எதற்கெடுத்தாலும் மாஸ்டரைக் கூப்பிடுவதுதானே அங்கே கோளாறு!

நான் காவேரிப்பட்டணத்துக்காரி. அப்பா கிருஷ்ணகிரியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் ஓட்டல் நடத்தினார். எங்கள் வீட்டில் சர்வர் என்றால் தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாக நிற்கிற அண்ணன்தான். பிற்பாடு கம்ப்யூட்டர் படித்து, ஓசூரில் அறை எடுத்துத் தங்கி, எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பத்து வருஷம் பஸ்ஸில் போய்வந்ததில் அந்தச் சொல்லுக்கு, கேட்கிறவர்களுக்கு வெப்சைட் பக்கத்தை எடுத்து நீட்டுகிற கம்ப்யூட்டர் என்ற இன்னோர் அர்த்தமும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது மாடியறையில் உட்கார்ந்து கடைகளுக்கும் மண்டிகளுக்கும் வெப்சைட் எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே இரண்டு வகைச் சர்வர்களுக்காகவும் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

உங்கள் செய்தியின் கடைசி வரி, கூடுதல் சர்வர்கள் அமைக்கப் பொதுமக்கள் கோரிக்கை என்று முடிந்திருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முகூர்த்த நாளில் அப்பா கடையில் உட்கார இடமிருக்காது. அதற்காக அவர் ஒருநாளும் இரண்டாவது மாஸ்டரைத் தேடிப் போனதில்லை. சாம்பார் விடியற்காலையிலேயே அண்டாவில் கொதித்து இறங்கிவிடும். அண்டாவிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து இலைக்கு. வாளி காலியானால்தான் சர்வர் அடுப்படிப் பக்கம் போவார். தோசை மட்டும் கேட்டவருக்குக் கேட்டபோது. இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வோர் இட்லிக்கும் ஒருமுறை துவரம்பருப்பை வேகவைக்கிற ஓட்டல் எங்கேயாவது உண்டா? இணையத்தில் உண்டு. நம்மை வரிசையில் நிறுத்துகிற பக்கங்களில் பலவும் அப்படித்தான் சமைக்கின்றன. மேலே உள்ள பெயர்ப்பலகை, இடப்பக்க மெனு, மாவட்டங்களின் பட்டியல், கட்டண விவரம், அறிவிப்புகள் என்று நேற்றிலிருந்து எள்ளளவும் மாறாத சமாச்சாரங்களை, திறக்கிற ஒவ்வோர் ஆளுக்கும் டேட்டாபேஸ் என்கிற தகவல் குடோனிலிருந்து புதிதாக எடுத்துப் புதிதாகக் கோக்கின்றன. அந்த ஆளுக்கென்று உண்மையிலேயே புதிதாகச் செய்ய வேண்டியது அவர் விண்ணப்ப எண்ணுக்கான ஒரே ஒரு வரி.

நீங்கள் செய்கிற தொழிலே இதற்கு நல்ல சாட்சி. விளையாட்டுப் பக்கமும் சினிமாப் பக்கமும் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றுதான்; எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மட்டும் தனியாக மாறுகிறது. ஒருமுறை கோத்த பக்கத்தை எத்தனை பிரதிக்கும் ஓட்டுகிறீர்கள். எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று உங்கள் அச்சகத்தில் எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்குப் பெரிய பெயராக வைத்திருக்கிறோம். பக்கத்தை ஆயத்தப் பாகங்களாகப் பிரிப்பது, பாகத்துக்குப் பாகம் ஆயுள் குறித்துச் சேமித்து வைப்பது. சேமித்து வைப்பதற்கு எங்கள் தொழிலில் கேஷ் என்று பெயர். இந்தப் பெயரால் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என் தாய்மாமா ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். அன்றாட ஏல விலையை விவசாயிகள் போனிலேயே பார்க்கட்டும் என்று 2021-இல் அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விலைப்பட்டியலைத் தனிப் பாகமாகச் செய்திருந்தேன். தேவைப்பட்ட இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினால் பட்டியல் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். மென்பொருளையும் இப்படிக் கடையில் வாங்கும் உதிரிப் பாகம் போல ஆக்க வேண்டும் என்று 1968-இலேயே ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாட்டில் டக் மெக்கில்ராய் என்ற கம்ப்யூட்டர் அறிஞர் பேசியிருக்கிறார். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வேலை ஒளிந்திருக்கிறது என்பது எழுதுகிறவள் கண்ணுக்குத் தெரியாது. என் கண்ணுக்கும் தெரியவில்லை. மேலே ஓடுகிற பட்டை, நடுவில் பெரிய பட்டியல், நேற்றும் இன்றும் ஒப்பீடு, பக்கவாட்டுப் பெட்டி, அடியில் ஒரு சுருக்கம் என்று அந்தப் பாகத்தை ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் வைத்திருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் எட்டுக் காய்க்கு எட்டுக் கேள்வி டேட்டாபேஸுக்குப் போகும். ஆக, ஓர் ஆள் பக்கத்தைத் திறந்தால் நாற்பது கேள்வி. ஒரே கேள்வி ஐந்தைந்து தடவை!

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 2023 ஜூலை வந்தது. தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். பாலக்கோட்டிலிருந்தும் சூளகிரியிலிருந்தும், தோட்டத்தில் காய் வைத்திருந்த அத்தனை பேரும் விடிந்ததும் விடியாததுமாக மாமாவின் பக்கத்தைத் திறந்தார்கள். திறந்தவர்கள் மூடவில்லை, ஏலம் முடிகிறவரை விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். காலை ஆறரைக்கு மாமாவிடமிருந்து போன்.

"பாப்பா, பேஜ் தொறக்க மாட்டேங்குது. என்னமோ டூ மெனின்னு வருது."

மைஎஸ்கியூஎல் என்கிற டேட்டாபேஸை நாம் எதையும் மாற்றாமல் அப்படியே வைத்தால், ஒரே நேரத்தில் 151 இணைப்புக்குத்தான் கதவு திறக்கும். அதற்கு மேல் ஒரே ஒரு இடம் உண்டு, அதுவும் நிர்வாகம் செய்கிறவருக்கு. நாற்பது கேள்வி முடிகிறவரை ஓர் ஆள் உள்ளேயே உட்கார்ந்திருந்தால், மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். உங்கள் செய்தியில் வந்த பொதுமக்களைப் போலத்தான் மாமாவும் சொன்னார்: "பெரிய மிஷினா எடுத்துப் போடு, காசு நான் தரேன்." போட்டேன். 151-ஐயும் உயர்த்தினேன். இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் கதவு திறந்தது, உள்ளே போனவர்கள் ஒருவரை ஒருவர் நெரித்துக்கொண்டு நின்றார்கள். எட்டு விநாடியில் வந்த பக்கம் இருபது விநாடி ஆனது.

"மாமா, மிஷின் பத்தாதது இல்ல பிரச்சினை. கேஷ் போடணும்" என்றேன்.

"அதான் தரேன்னு சொல்லிட்டேனே, எவ்வளவு?"

"அந்த கேஷ் இல்ல மாமா..."

இதை விளங்க வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பக்கத்தைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம்தான் ஆனது. விலைப்பட்டியலை ஒருமுறை கோத்து, கோத்ததை அப்படியே நினைவகத்தில் முப்பது விநாடி வைத்துக்கொள்வது. அடுத்த முப்பது விநாடிக்கு யார் கேட்டாலும், பக்கத்தில் எத்தனை இடத்தில் கேட்டாலும், அதையே நீட்டுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் ஆயிரம் பேர் வருவதாக வைத்துக்கொண்டால், முன்பு நாற்பதாயிரம் கேள்வி. இப்போது நிமிஷத்துக்கு இரண்டு தடவை சமையல், பதினாறே கேள்வி. ஆயிரம் பேர் பத்தாயிரம் பேரானாலும் அதே பதினாறுதான். மாமாவின் பெரிய மிஷினை மாசக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. லைவ்ஜர்னல் என்ற தளம் கூட்டம் தாங்காமல் திணறியபோது இப்படி நினைவகத்தில் சேமித்து வைப்பதற்கென்றே 2003-இல் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதிய மென்பொருள் மெம்கேஷ்டு. இத்தாலிக்காரர் சால்வடோர் சான்ஃபிலிப்போ 2009-இல் தந்த இன்னொன்று ரெடிஸ். நான் பயன்படுத்தியது அதைத்தான். உங்களுக்குப் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. பக்கங்களை வாசலிலேயே சேமித்து வைத்து நீட்டும் வார்னிஷ் என்ற மென்பொருள், நார்வேயின் வெர்டன்ஸ் காங் என்ற நாளிதழுக்காக டென்மார்க்கின் பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதியது. 2006-இல் வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை உலகமே வாங்கிக்கொண்டது. மூன்றுமே காசில்லாமல் கிடைத்தவை.

அப்படியானால் எல்லாவற்றையும் வாளியில் ஊற்றி வைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. அடுத்த ஒரு மாதத்தில் நான் செய்த தப்புகளைச் சொன்னால்தான் இந்தக் கடிதம் நேர்மையானதாக இருக்கும்.

எங்கள் பக்கம் போச்சம்பள்ளிச் சந்தையில் நின்றாலே மூன்று பாஷை காதில் விழும். மாமாவிடம் சரக்கு எடுக்க மாலூர், கோலார் பக்கத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். அவர்களுக்காகப் பக்கத்துக்குக் கன்னடப் பதிப்பும் உண்டு. சேமித்த பட்டியலுக்குப் பெயர் வைக்கும்போது "விலை, இன்றைய தேதி" என்று வைத்த நான், பாஷையைச் சேர்க்க மறந்துவிட்டேன். முப்பது விநாடி முடிந்ததும் முதலில் வருகிறவர் மாலூர்க்காரராக இருந்தால், அடுத்த முப்பது விநாடிக்குத் தமிழ் விவசாயிகள் எல்லாருக்கும் கன்னடப் பட்டியல். "என்னம்மா, மண்டிய வித்துட்டாரா உங்க மாமா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். ஒரு பாகத்தின் உருவம் எதையெல்லாம் பொறுத்து மாறுமோ, அவ்வளவும் அதன் பெயரில் இருக்க வேண்டும். சந்தை, காய், தேதி, பாஷை. ஒன்று விட்டுப்போனாலும் ஒருவர் இலைக்குப் போக வேண்டியது இன்னொருவர் இலைக்குப் போகும்.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. அடுத்தது அப்படி இல்லை.

கூட்டம் இன்னும் ஏறிய ஒரு நாள் அவசரத்தில், விலைப்பட்டியலோடு பக்கத்தின் தலைப்பட்டையையும் சேமித்துவிட்டேன். அதில் பெயர்ப்பலகையும் மெனுவும் இருந்தன. உள்ளே நுழைந்த விவசாயியின் பெயரும், மண்டி அவருக்குத் தர வேண்டிய பாக்கியும் ஓர் ஓரத்தில் இருந்ததை யோசிக்கவில்லை. பிற்பகலில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, தயங்கித் தயங்கித்தான் பேசினார். "தங்கச்சி, என் போன்ல வேற ஆளு பேரு வருது. அவருக்கு எவ்வளவு பாக்கின்னும் காட்டுது. என்னோடது யாருக்குக் காட்டுதுன்னு தெரியல." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. பக்கத்தை மொத்தமாக நிறுத்தினேன். யாருடைய பாக்கி யாருக்குத் தெரிந்தது என்று சொல்ல வழியே இல்லை. நாற்பது நிமிஷம் அந்தப் பட்டை சேமிப்பில் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே நுழைந்திருந்தவர்களின் பட்டியலை எடுத்து, மாமாவும் நானும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம். இரண்டு பேர் அதோடு வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பெரியவர்களும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். 2015 கிறிஸ்துமஸ் அன்று, வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்கிற விளையாட்டுக் கடையின் மேல் யாரோ வேண்டுமென்றே பொய்க் கூட்டத்தை ஏவி விட்டிருந்தார்கள். அதைச் சமாளிக்க அவசரமாகப் போட்ட சேமிப்பு விதி தவறிப்போய், ஒருவர் பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேருடைய பக்கங்கள் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே பிறகு சொன்னது. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் கேஷில் கை வைப்பது, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இடம் மாற்றுவது போலத்தான். அமைதியான நாளில் செய்ய வேண்டிய வேலை அது.

இதற்கான கட்டளைகள் வெப்சைட்டின் அடிப்படை விதியிலேயே இருக்கின்றன. 2022 ஜூனில் வந்த 9111 எண்ணிட்ட இணையத் தர ஆவணத்தில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். "பிரைவேட்" என்று குறித்தால் அந்த ஆளின் போனில் மட்டும் வைக்கலாம், வழியில் இருக்கிற பொது வாளியில் ஊற்றக்கூடாது. "நோ-ஸ்டோர்" என்றால் எங்குமே வைக்காதே. "நோ-கேஷ்" என்று ஒன்று உண்டு. பாதிப் பேர் இதை வைக்காதே என்று புரிந்துகொள்கிறார்கள். வைத்துக்கொள், ஆனால் என்னைக் கேட்காமல் பரிமாறாதே என்பதுதான் அதன் அர்த்தம். கேட்டால் சர்வர், மாறவில்லை, இருப்பதையே காட்டு என்று 304 என்ற மூன்று இலக்கத்தில் பதில் சொல்லிவிடும். பக்கம் முழுதும் மறுபடி வர வேண்டியதில்லை. டவர் ஒரு கோடு மட்டும் காட்டுகிற அஞ்செட்டி மலைப்பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்கு இந்த 304 எவ்வளவு பெரிய உதவி என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு கூத்து. அந்த முப்பது விநாடி முடிகிற கணத்தில், அப்போது வாசலில் நிற்கிற இருநூறு பேருக்கும் வாளி காலியாகத் தெரியும். இருநூறு பேரும் ஒரே சமயத்தில் அடுப்படிக்குள் ஓடுவார்கள். எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் திறந்துவிட்டதும் குடங்களோடு நடக்கிற களேபரம் மாதிரி. அரை நிமிஷத்துக்கு ஒருதடவை பக்கம் விக்கிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது. முதலில் வந்தவர் கையில் ஒரு சாவியைக் கொடுத்து அவரை மட்டும் உள்ளே அனுப்பி, அவர் திரும்புகிறவரை மற்றவர்களுக்குப் பழைய பட்டியலையே கொடுத்ததும் விக்கல் நின்றது. புதியது தயாராகிறவரை பழையதைக் கொடு என்கிற இந்த ஏற்பாட்டுக்கு 2010-இலேயே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நான்தான் அதுவரை படிக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் எனக்கு விளங்காமல் இருந்த ஒன்றை விளங்க வைத்தவர், மாமா மண்டியில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிற அண்ணன். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். நான் ஒருநாள் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, பக்கத்தைக் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, "இது எவ்வளவு நேரம் பழசா இருந்தா பரவாயில்லைண்ணே?" என்று கேட்டேன். என்னிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லையே என்பது போல ஒருமுறை பார்த்தார். பிறகு மடமடவென்று சொன்னார்.

"ஏலம் ஓடுறப்போ அரை நிமிஷம்கூட ஜாஸ்திதான்மா. விலை எறங்கினது தெரியாம ஒருத்தன் வண்டி ஏத்திட்டு வந்துட்டான்னா வாடகை அவன் தலையில. ஏலம் முடிஞ்சிச்சா, மறுநாள் காத்தால வரைக்கும் அதே விலைதான், எத்தனை தடவை பாத்தாலும் மாறாது. நேத்து விலை, போன வார விலையெல்லாம் இனிமே எந்தக் காலத்துல மாறப்போவுது? கமிஷன், எறக்குகூலி வருஷத்துக்கு ஒருக்கா. பாக்கிக் கணக்கு மட்டும் எங்கயும் வெக்காத. அது அவனவன் கேக்கறப்போ பேரேட்டப் பாத்துச் சொல்லணும்."

நான் எல்லாவற்றுக்கும் முப்பது விநாடி என்று போட்டிருந்தேன். ஏன் முப்பது? வட்டமான எண் என்பதைத் தவிர எனக்குக் காரணம் இல்லை. அவர் சொன்னது முழுக்க மண்டியின் அனுபவத்திலிருந்து வந்தது. அதைக் கேட்டபிறகு மணியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவர் விலையை மண்டியில் கம்ப்யூட்டரில் பதிகிற தம்பியிடம் சொல்ல, தம்பி அதைப் பதிந்த கணத்தில் பட்டியலின் பெயரோடு அந்த நேரமும் சேர்ந்துகொள்ளும். உடனே புதுப் பெயரில் புதுப் பட்டியல். பழையதைத் தேடிப் பிடித்து அழிக்க வேண்டியதில்லை. பழைய பெயரை இனி யாரும் கேட்கப்போவதில்லை. நினைவகம் நிறையும்போது, ரொம்ப நாளாக யாரும் தொடாத சாமானைப் பரணிலிருந்து இறக்கிப் போடுவது போல ரெடிஸே அதை எறிந்துவிடும் (அப்படி எறியச் சொல்லி நாம் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன்). நேற்றைய விலை, போன வார விலைப் பக்கங்களை வெறும் கோப்புகளாக எழுதி வைத்துவிட்டேன். அவற்றுக்கு டேட்டாபேஸே வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவும் இந்த ஜாதிதான். வெளியிட்ட மதிப்பெண் காலை பத்து மணிக்கு ஒன்றும் பத்தேகாலுக்கு ஒன்றுமாக இருப்பதில்லை. முந்தின இரவே ஒவ்வொரு பதிவெண்ணுக்கும் சமைத்து வைத்துவிடலாம்.

இப்போது கூடுதல் சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். அதைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. உண்மையிலேயே தேவைப்படுகிற நாள் வரும். எங்களுக்கும் சென்ற வருஷம் வந்தது; மாமாவைப் பார்த்து இன்னும் மூன்று மண்டிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது மிஷின் போட்டேன். மறுநாளே புகார்: பக்கத்தைப் புதுப்பித்தால் ஒருதடவை ஏழு மணி விலை, மறுதடவை ஏழேகால் விலை, மறுபடி ஏழு மணி விலை. இரண்டு மிஷினும் தனித்தனி வாளி வைத்திருந்தன, இரண்டும் வேறு வேறு நேரத்தில் நிரப்பியவை. பொதுவாக ஒரே வாளி வைத்த பிறகுதான் சரியானது. வாளிகளே பலவாகிவிட்ட பெரிய இடங்களில் இன்னொரு தலைவலி உண்டு. சாமானின் பெயரை எண்ணாக்கி, பெட்டிகளின் எண்ணிக்கையான மூன்றால் வகுத்து, மீதியைப் பார்த்து எது எந்தப் பெட்டியில் என்று வைத்திருந்தால், நாலாவது பெட்டி வந்ததும் முக்கால்வாசிச் சாமான் இடம் மாறிவிடும்; அந்த நேரத்தில் வருகிற கூட்டம் முழுவதும் அடுப்படியில் போய் விழும். கால்வாசி மட்டும் நகர்ந்தால் போதும் என்கிற வழியை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1997-இல் கண்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டாம் லெய்ட்டனும் டேனியல் லெவினும் அடுத்த வருஷமே ஆரம்பித்ததுதான், மற்றவர்களின் வெப்சைட் பக்கங்களைச் சேமித்து வைத்து நீட்டுகிற ஆகமாய் நிறுவனம். ஆக, ஆயத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாமல் சர்வரை மட்டும் கூட்டினால், ஒரு மாஸ்டருக்குப் பதில் நாலு மாஸ்டர் தனித்தனியாகப் பருப்பை வேகவைப்பார்கள். எல்லாருக்கும் பருப்பு வர வேண்டியது அதே ஒரு டேட்டாபேஸ் குடோனிலிருந்துதான்.

என்னிடம் புராஜெக்ட் செய்ய வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. எல்லாரும், பக்கத்தைப் பாகம் பாகமாகக் கட்ட உதவுகிற ரியாக்ட் என்ற மென்பொருளில் எழுதுகிறார்கள், நல்லது. பக்கம் மெதுவாக வருகிறதே என்றால், "மெமோ போட்டிருக்கேன்க்கா" என்கிறார்கள். 2018-இல் வந்த அந்த மெமோ, அந்தப் பாகத்தைப் போனின் திரையில் மறுபடி வரைகிற வேலையைத்தான் மிச்சம் பிடிக்கும். சர்வருக்கு ஒரு நடையைக்கூட அது மிச்சம் பிடிக்காது. போன மாதம் ஒரு பெண் எழுதிக் காட்டிய பக்கத்தில் ஒரே ஊர்ப் பட்டியலை ஏழு பாகங்கள் தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தன. ஏழிலும் மெமோ இருந்தது. நான் அவளைத் திட்டவில்லை. என் ஐந்து தக்காளிப் பட்டியலைத்தான் எடுத்துக் காட்டினேன்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை இரண்டு இடத்துக்கு. பொதுப் பணத்தில் வெப்சைட் செய்யச் சொல்கிறவர்கள், எத்தனை சர்வர், எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன்னால், பக்கத்தைக் கட்டம் கட்டமாக வரைந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும். இது எல்லாருக்கும் பொதுவா, ஒருவருக்கு மட்டுமா? எவ்வளவு நேரம் பழசாகலாம்? மாறினால் யார் கை பட்டுப் புதிதாகும்? அந்தத் தாளை நிரப்ப வேண்டியவர் என்னைப் போன்றவள் அல்ல. கவுண்டரில் உட்கார்ந்து தினமும் அந்தக் கட்டங்களோடு மல்லுக்கட்டுகிற தம்பியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

மற்றது உங்களுக்கு. அடுத்த முறை சர்வர் கோளாறு என்று செய்தி வந்தால், கூடுதல் சர்வர் என்ற கோரிக்கையோடு நிறுத்திவிடாமல், அந்தப் பக்கத்தில் நேற்றிலிருந்து இன்றைக்கு மாறியது எது என்று உங்கள் நிருபரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அன்று எங்களைத் திருப்பி அனுப்பிய பக்கத்தை மதியம் திறந்தபோது நான் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு கட்டங்கள். எனக்கென்று இருந்தது ஒன்று. அதில் "நிலுவையில் உள்ளது" என்று இருந்தது.

இப்படிக்கு,
வாசகி, காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.